ஸ்பிற்ஃபயர் சேசியில் கறள்: அறிகுறியைப் பார்த்து வேலை தொடங்குதல்

ட்ரயம்ப் ஸ்பிற்ஃபயர் என்ற பழைய இங்கிலாந்துக் கூரையில்லாக் கார் ஒன்று கராஜுக்குள் வந்தால் முதலில் ஒரு பூவரசங்குச்சியை ஆப்பு மாதிரிச் சீவி எடுப்பேன். கதவுக்கும் பின்மட்காட்டுக்கும் இடையில் இருக்கிற நீக்கலுக்குள் அதை மேலே ஒருதரம், கீழே ஒருதரம் விட்டு, அது இறுகி நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். மற்றப் பக்கக் கதவுக்கும் அப்படியே. மொத்தம் நான்கு கோடு. வேலை முடியும்வரை அந்தக் குச்சி சுவரில் தொங்கும். கிரைண்டரும் வெல்டிங்கும் அதற்குப் பிறகுதான்.

இந்தக் காரில் சேசி என்கிற அடிச்சட்டமும் பொடி என்கிற மேலுடலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஸ்பிற்ஃபயர் 1962இல் வந்தது, 1980 வரை செய்தார்கள். அதன் அடிச்சட்டம் 1959இல் வந்த ட்ரயம்ப் ஹெரால்டின் சேசியிலிருந்து பிறந்தது. ஹெரால்ட் எங்களுக்கு அந்நியமான கார் இல்லை. சென்னையில் ஸ்ராண்டேர்ட் கம்பனி அதை ஸ்ராண்டேர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் 1961 தொடக்கம் செய்து விற்றது. ஹெரால்ட் சேசியில் நடுவே இரண்டு தண்டு ஓடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பக்கச்சட்டம் இருக்கும். தண்டிலிருந்து நீளும் கைகள் அவற்றைப் பிடித்திருக்கும். ஸ்பிற்ஃபயரில் பக்கச்சட்டம் கிடையாது. அந்த வேலையைக் கதவுக்குக் கீழே ஓடுகிற தகரப் பெட்டி செய்கிறது, கராஜில் அதைச் சில் என்போம். ஆகவே ஸ்பிற்ஃபயரில் சில் உக்கியிருந்தால் சேசி உக்கியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஹெரால்ட் சேசி ஒண்டு இருக்கு, வெட்டிக் குறுக்கிப் போடுவமோ அண்ணை?" என்று பெடியள் கேட்பார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் ஹெரால்டில் 91.5 அங்குலம், ஸ்பிற்ஃபயரில் 83 அங்குலம். எட்டரை அங்குலத்தை நடுத்தண்டில் வெட்டியெடுத்து ஒட்டிய சேசியில் நான் ஆளை ஏற்றமாட்டேன். இருக்கிற சேசியைத்தான் திருத்த வேண்டும்.

வன்னியில் கறள் எங்கிருந்து ஏறுகிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். கிறவல் றோட்டுச் செம்புழுதி சேசிக் கைகளின் மேற்பக்கத்திலும், டிஃபரன்சல் என்கிற, பின்சக்கரங்களைச் சுழற்றும் கியர்ப் பெட்டிக்கு மேலேயும் படியும். மாரியில் அது சேறாகி ஒட்டும், தை மாசி வரை உள்ளே ஈரம் காயாது. முல்லைத்தீவு, வட்டுவாகல், ஆனையிறவுப் பக்கம் ஓடின கார் என்றால் உப்பும் சேரும். உப்பு ஈரம் எளிதில் உலராது, கறளும் பலமடங்கு வேகமாகத் தின்னும். மண்தரையில் கிடுகுக் கொட்டிலுக்குள் வருடக்கணக்காக நின்ற கார் இன்னும் மோசம். மேலே மழை படாவிட்டாலும் தரையின் ஈரம் இரவிரவாக அடித்தகரத்தில் வேர்க்கும். இதற்கு நேர்மாறாக, எஞ்சினுக்கு நேர் கீழே சேசி பெரும்பாலும் புதிதாக இருக்கும். பழைய இங்கிலாந்து எஞ்சின்கள் ஒயில் கசியும். அந்த ஒயில்தான் அந்த இடத்தைக் காப்பாற்றியிருக்கும்.

கதவு மேல்மூலையில் உரசுகிறது

முதலில் கதவைப் பாதி திறந்து, பிடியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டுத் திரும்பக் குச்சியை விடுங்கள்.

கீல் இறுக்கமாக இருந்தால் அடுத்த சோதனை. கார் நாலு சக்கரத்திலும் நிற்கும்போது ஒருமுறை அளவெடுங்கள். பிறகு நடுத்தண்டின் உறுதியான இடத்தில் பலகை வைத்து, ஜாக்கில் மெல்லத் தூக்கி மறுபடி அளவெடுங்கள். நல்ல காரில் கோடு அசையாது, அசைந்தாலும் மயிரிழைதான். சில் உக்கின காரில், சக்கரத்தில் நிற்கும்போது மேல்நீக்கல் ஒடுங்கும், நடுவில் தூக்கினால் விரியும். கார் நடுவில் மடிகிறது என்பதுதான் அதன் பொருள். கூரையில்லாத கார் என்பதால் மேலே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

2013 மாரிக்கு முன்னம், புதுக்குடியிருப்பில் இருந்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் தன்னுடைய ஸ்பிற்ஃபயரைக் கொண்டுவந்தார். இரண்டு சில்லும் உக்கியிருந்தன. மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டினேன். சேசியோடு பொடி போல்ட்டில் இருக்கிறதுதானே, எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன். புதுத் தகரம் வைத்து ஒட்டி, கதவைக் கொழுவினால் மூடவில்லை. பூட்டுப் பக்கம் அரை அங்குலம் ஏறி நின்றது. கார் மடிந்த நிலையிலேயே நான் அதை நிரந்தரமாக ஒட்டிவிட்டேன். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "தம்பி, ஆறுதலாச் செய்யுங்கோ, எனக்கு அவசரமில்லை" என்றார். ஒட்டின அத்தனையையும் திரும்ப வெட்டினேன். அந்த வருசம் அவருடைய கார் மாரி முழுக்க என் கொட்டிலில் நின்றது.

அதற்குப் பிறகு கைக்கொள்ளும் ஒழுங்கு இதுதான். கார் தன் பாரத்தோடு, சஸ்பென்சன் இருக்கும் இடங்களில் தாங்கி நிற்கவேண்டும். நடுவில் ஜாக்கை மெல்ல ஏற்றி, குச்சி சரியான நீக்கலைக் காட்டும்வரை கொண்டுவந்து நிறுத்துங்கள். கதவைக் கழற்றுங்கள். கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு ஓர் அங்குலப் பெட்டிக் கம்பியை வைத்து ஒட்டுங்கள். மேலே ஒன்று, மூலைக்கு மூலை ஒன்று. இரண்டு பக்கமும் இந்தக் கம்பி இருக்கவேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் வெட்டப்போனாலும்கூட. ஒரு பக்கம் முழுதாக முடிந்து ஆறின பிறகுதான் மறுபக்கம். புதுத் தகரத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு ஒட்டிய கையோடு கதவைக் கொழுவிப் பாருங்கள். மூடினால் மட்டும் முழு ஒட்டு.

ஸ்பிற்ஃபயர் சில் மூன்று தகரம் சேர்ந்தது. வெளித்தகரம், நடுவில் பலத்துக்கான தகரம், தரையோடு சேரும் உள்தகரம். விற்கும்போது மினுக்குவதற்காகப் பழைய உக்கலுக்கு மேல் வெளித்தகரத்தை மட்டும் போர்த்தி, பட்டி பூசி விடுவார்கள். மாஸ்டரின் காரில் வெளித்தகரத்தைக் கிழித்தபோது உள்ளே கட்டியாக இறுகிய செம்மண் இருந்தது. எலிக்கூடும், அதற்குள் உமியும், முளைத்துக் கருகின நாலைந்து நெல்மணியும் இருந்தன. நடுத்தகரம் என்று ஒன்று இல்லை. விரலால் தொட உதிர்ந்தது. வெளியில் அந்தச் சில் கண்ணாடி மாதிரி மின்னியது. காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிச் சில் நெடுக இழுத்தால் பட்டி பூசின இடத்தில் பிடிக்காது. வாங்கப் போகும்போதே இதைச் செய்யலாம்.

பொனற் ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் விரிந்து நிற்கிறது. கார் ஒரு பக்கம் இழுக்கிறது

ஸ்பிற்ஃபயரில் மூக்கும் மட்காட்டும் பொனற்றும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். அதன் கீல் சேசியின் முன்முனையில் இருப்பதால், பொனற் நீக்கல் கோணலானால் முன்சேசி கோணலாக இருக்கலாம். அதே வேளை, கீல் போல்ட்டைத் தளர்த்திச் சரிக்கட்டும் வசதியும் உண்டு. அதனால் பொனற்றை மட்டும் நம்பவேண்டாம்.

சோதனைகளைச் செலவில்லாதது தொடக்கம் செய்யுங்கள். ரயர்க் காற்று. பிறகு, முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்ரியரிங் ராக்கைச் சேசியில் பிடிக்கும் ரப்பர்: ஒயிலில் ஊறி நொந்திருந்தால் ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது ராக் முழுதாகப் பக்கவாட்டில் நகரும், கண்ணாலேயே காணலாம். இந்த ரப்பரை மாற்றாமல் சேசியைக் குறை சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது சிம். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் (ஆம்) பிறாக்கெற்றுக்கும் சேசிக்கும் நடுவில் மெல்லிய சிம் தகடுகள் இருக்கும். சக்கரம் சாய்வதைச் சரிக்கட்ட அவை. இரண்டு பக்கமும் எண்ணுங்கள். ஒரு பக்கம் ஒன்று, மற்றப் பக்கம் ஐந்து என்றால், சேசி உள்ளே வாங்கியிருக்கிறது, யாரோ சிம்மால் அதை மறைத்திருக்கிறார்கள். பிறாக்கெற்றைக் கழற்றி, போல்ட் துளையைச் சுற்றிக் கூரான ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகரம் அமுங்கினால் கதை தெளிவு.

பிறகு தூக்குக்குண்டு. மேசன்மார் வைத்திருப்பதே போதும். கார் சமதரையில், நாலு முட்டிலும் ஒரே உயரத்தில் நிற்கட்டும். சேசியின் இடமும் வலமும் ஒரே மாதிரியான போல்ட் துளைகள் நான்கைந்து சோடி தெரிவுசெய்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, சீமெந்துத் தரையில் புள்ளி வையுங்கள். காரைத் தள்ளிவிட்டு, புள்ளிகளை மூலைக்கு மூலை சோக்கு நூலால் இணையுங்கள். இரண்டு மூலைக்கோடும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழவேண்டும். 3 மில்லிமீற்றர் வரை நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் என்றால் எந்தச் சோடியில் கோணல் தொடங்குகிறது என்பதைத் தரையே காட்டும். தொழிற்சாலைக் கையேட்டில் சேசி அளவுகளின் படம் இருக்கிறது, கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள். மண்தரையில் இந்தச் சோதனை சரிவராது. சீமெந்துத் தளம் இல்லாதவர்கள் அயலில் நெல்லுக் காயவிடும் தளத்தைக் கேட்டு வாங்கலாம், ஒரு பகல் போதும்.

கோணல் இருந்து கறளும் இருந்தால், முதலில் கோணலை இழுத்து நிமிர்த்தி, அந்த நிலையிலேயே கம்பி வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு கறளை வெட்டுங்கள். முன்பின்னாகச் செய்தால் ஒட்டின பிறகு நிமிர்த்த முடியாது. ஒட்டுப் பிளக்கும்.

முன்சக்கரத்தில் தட்டும் சத்தமோ, ஸ்ரியரிங் இறுக்கமோ இருந்தால் வேலையை நிறுத்தி ட்ரணியனைப் பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனை ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரைபோட்டுத் திரும்புகிறது. அதற்குக் கியர் ஒயில், 90 நம்பர், விடவேண்டும். எங்கள் பக்கம் நிப்பிள் கண்ட இடமெல்லாம் கிறீஸ் அடிப்பார்கள். கிறீஸ் அடிவரை போகாது, தண்ணீர் போகும், மரைக்குள் கறள் பிடித்துத் தண்டு முறியும். முறிந்தால் ஓட்டத்தில் சக்கரம் மடிந்து விழும். சேசி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது நடக்கும்.

வெளிக்கிடும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் பின்னால் 'டொக்' என்கிறது

கார் பின்னால் வளைந்து வளைந்து ஓடுகிற உணர்வும் கூடவே இருக்கும். டிஃபரன்சல் சேசியோடு ரப்பர் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. ரப்பர் செத்திருந்தால் அதுவே சத்தம். ரப்பர் நல்லதென்றால், பின்சக்கரத்தை முன்பின் அசையாமல் பிடிக்கும் கம்பியின் முன்முனையைப் பாருங்கள். ஸ்பிற்ஃபயரில் அது சீற்றுக்குப் பின்னால் இருக்கும் பொடித் தகரத்தில் போல்ட் பண்ணியிருக்கிறது. அந்தத் தகரம் உக்கியிருந்தால், ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் சக்கரம் முன்னுக்குப் போய்வரும். ஒருவரைக் காருக்குள் இருத்தி, கியரில் மெல்ல அசைக்கச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் குனிந்து பாருங்கள். தகரம் மூச்சுவிடுவதுபோல் உப்பி அமுங்குவது தெரியும்.

இந்த இடத்துக்கு ஒட்டுத்துண்டு போதாது. பிறாக்கெற்றைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடிய தகட்டை வெட்டி, நல்ல தகரம் வரும்வரை உக்கலை எடுத்துவிட்டு ஒட்டுங்கள். பெற்றோல் ராங்கி இதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ராங்கியைக் கழற்றி வெளியே, நெருப்புக்கு எட்டாத இடத்தில் வைக்காமல் ஒரு பொறிகூடப் பறக்கவிடாதீர்கள். வெறும் ராங்கி நிறைந்த ராங்கியைவிட ஆபத்து, ஆவிதான் வெடிக்கும். சேசி நெடுக ஓடும் பெற்றோல் குழாயையும் பிறேக் குழாயையும் கழற்றவேண்டும். பற்றரியையும் கழற்றுங்கள்.

பின்சக்கரங்கள் மேலே உள்வாங்கிச் சாய்ந்து நிற்பதைக் கண்டு சேசி மடிந்ததென்று பயப்படவேண்டாம். குறுக்கே ஓடும் இலைவில் (தகட்டு ஸ்பிறிங்) இளகினால் இரண்டு சக்கரமும் ஒரே அளவாகச் சாயும். ஜாக்கிலிருந்து இறக்கின உடனே அளந்தால் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பத்துப் பதினைந்து அடி தள்ளி உருட்டிவிட்டு அளவுங்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால்தான் மேலே சொன்னபடி தேடவேண்டும்.

சுத்தியல் தட்டினால் மொத்தைச் சத்தம், கீழே கறள் கொட்டுகிறது

சேசிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துவிட்டு, சின்னச் சுத்தியலால் நான்கு விரலுக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு 'கிண்' என்னும். உக்கினது சுரைக்காயில் தட்டின மாதிரி இருக்கும். கைகளின் முனைகள், பொடி போல்ட் இருக்கும் இடங்கள், டிஃபரன்சலுக்கு மேலேயும் பின்னேயும் உள்ள தண்டு ஆகியவற்றில் கூடுதல் கவனம் வையுங்கள். பெட்டித் தண்டுகள் உள்ளிருந்துதான் உக்கும், அதனால் வெளிப் பெயின்ற்றை நம்பக்கூடாது.

யுத்தகாலப் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் ஓடின கார்களில் பீப்பாத் தகரத்து ஒட்டுகளைக் காண்பீர்கள். அந்த நாளில் அதுதான் கிடைத்தது, அதை வைத்து வண்டியை ஓட்டினவர்களின் கை பெரிய கை. இப்போது தகடு கிடைக்கிறது, அதனால் அந்த ஒட்டுகளை எடுத்துவிடுங்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டால் நடுவில் ஈரம் நிற்கும். கூரைத் தகரத்துண்டு மட்டும் ஒருபோதும் வேண்டாம். மெல்லியது, மேலே நாகப்பூச்சு இருக்கிறது. ஒட்டும்போது வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

எத்தனை கனத் தகடு என்று கேட்பார்கள். காரின் உக்காத இடமொன்றைச் சுரண்டி வேர்னியரால் அளந்து, அதே கனம் போடுங்கள். கூடக் கனமாகப் போட்டால் பலம் என்று நினைப்பது பிழை. மெல்லிய பழைய தகரமும் கனத்த புதுத் தகடும் சேருமிடத்தில் வெடிக்கும். துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். தண்டுக்குக் குறுக்கே நேர்கோட்டில் ஒட்டு விழாமல், சரிவாக விழும்படி வெட்டினால் பாரம் ஒரே கோட்டில் ஏறாது.

ஒரு விரல் நீளம் ஒட்டி, எதிர்மூலைக்குப் போய் இன்னொரு விரல் நீளம் ஒட்டுங்கள். ஒரேயடியாக இழுத்தால் சூட்டில் தண்டு வாழைப்பழமாக வளையும். தண்ணீர் ஊற்றி ஆறவைக்காதீர்கள்.

ஒட்டு பொங்குகிறது, துளை துளையாக வருகிறது

தகரம் சுத்தமில்லை, அல்லது காற்று. கறளும் பெயின்ற்றும் ஒயிலும் போய் வெள்ளி மாதிரித் தெரியும்வரை கிரைண்ட் பண்ணவேண்டும், உள்பக்கம் எட்டினால் அங்கேயும். காஸ் விட்டு ஒட்டும் மிக் வெல்டிங் என்றால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த கொட்டிலில் காஸ் நிற்காது, பறந்துவிடும். படங்கு கட்டி மறையுங்கள், அல்லது விடியக்காலையில் காற்று எழும்ப முன் ஒட்டுங்கள். நான் ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்துவேன். சாதாரண ஆர்க் மட்டும்தான் இருக்கிறதென்றால் நடுத்தண்டுக்கு மெல்லிய கம்பியால் சமாளிக்கலாம். சில்லுக்கு அது ஆகாது, ஓட்டைதான் விழும்.

திருத்தின இடத்தில் அடுத்த மாரியிலேயே கறள்

வெல்டிங் சூடு உள்பக்கப் பூச்சை எரித்துவிடும். அதனால் ஒட்டி முடிந்ததும் பெட்டிகளுக்குள் மெழுகு கலந்த கறள்காப்பு எண்ணெயைக் குழாய் விட்டு அடிக்கவேண்டும், ஒவ்வொரு கைக்குள்ளும், சில்லுக்குள்ளும். அது கிடைக்காவிட்டால் புதுக் கியர் ஒயில். கழிவொயில் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். எஞ்சினில் எரிந்த ஒயிலில் அமிலம் இருக்கிறது, புழுதியையும் பிடித்துக் களியாக்கும். சில்லின் அடியில் இருக்கும் வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள், புழுதி அவற்றைத்தான் முதலில் அடைக்கும். கடலோரம் போய்வந்தால் அடியைக் கழுவுங்கள், நல்ல தண்ணீரால். உவர்க்கிணற்றுத் தண்ணீரால் கழுவுகிறவர்கள் கழுவாமலே விடலாம்.

பூச்சு வேலையை ஆடி ஆவணியில் முடித்துவிடுங்கள். பெட்டிகள் உள்ளே முழுதாகக் காய்ந்திருப்பது அப்போதுதான். பிறகு காரை ஏ9இல் பரந்தன் தொடக்கம் மாங்குளம் வரை ஒருதரம் ஓட்டிக்கொண்டு வந்து, இரவு ஆறவிட்டு, பொடி போல்ட் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். சுவரில் தொங்கும் குச்சியை எடுத்து நாலு நீக்கலுக்குள்ளும் விடுங்கள். ஜாக்கில் ஒருமுறை, சக்கரத்தில் ஒருமுறை. இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பெயின்ற் அடிக்கலாம்.